‘பில்ட் ஃபெயில்டு’ - தப்பு உங்களுடையதா, டூலுடையதா?

கோடிங் கற்றுக்கொள்ளும் யாரும் முதல் வாரத்திலேயே சந்திக்கிற வாசகம் ஒன்று உண்டு: ‘பில்ட் ஃபெயில்டு’. சிவப்பு எழுத்தில் வரும். அதற்குக் கீழே முப்பது, நாற்பது வரி ஆங்கிலம் கொட்டும். எந்த வரியைப் படிப்பது, எதை விடுவது என்றே புரியாது.

சென்னையிலோ பெங்களூருவிலோ ஐ.டி. ஆபீஸில் உட்கார்ந்திருப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. பக்கத்து சீட் சீனியரைக் கூப்பிட்டால், “அட, இதுவா?” என்று ரெண்டு நிமிஷத்தில் முடித்துக் கொடுத்துவிடுவார். சின்னசேலத்திலோ சங்கராபுரத்திலோ வீட்டில் ஒரு பழைய லேப்டாப், மொபைல் ஹாட்ஸ்பாட், யூடியூப் வீடியோ என்று தனியாகக் கற்றுக்கொள்பவருக்கு அந்த சீனியர் இல்லை. திரையில் வருகிற பிழைச் செய்திதான் அவருக்கு வாத்தியார். அந்த வாத்தியார் குழப்பமாகப் பேசினால் என்ன ஆகும்? “கோடிங் நமக்கு வராது போல” என்ற முடிவுக்கு வந்துவிடுவார். உண்மையில் தப்பு அவர் பக்கம் இல்லாமலே இருந்திருக்கலாம்.

அதனால்தான், டெவலப்பர்கள் மட்டும் கவலைப்படும் டெக்னிக்கல் விஷயம் என்று இதை ஒதுக்க முடியாது. இந்தத் தொழிலுக்குள் யார் நுழைகிறார்கள், யார் வாசலிலேயே திரும்பிப் போகிறார்கள் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது.

பில்ட் டூல்னா என்ன?

கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். மூங்கில்துறைப்பட்டிலோ கச்சிராயபாளையத்திலோ இருக்கும் சர்க்கரை ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் வந்த கரும்பு நேராகச் சர்க்கரை ஆகிவிடாது. எடை போடணும், நறுக்கணும், அரைக்கணும், சாற்றைச் சுத்தம் செய்யணும், காய்ச்சணும், படிகமாக்கணும். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது.

நாம் எழுதும் கோடும் அப்படித்தான். அது நேராக ஆப் ஆகிவிடாது. தேவையான லைப்ரரிகளை இணையத்திலிருந்து இறக்கணும், கோடைக் கம்பைல் செய்யணும், எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டணும், சோதிக்கணும். இந்த வேலைகளை வரிசை தவறாமல் நடத்துகிற மேஸ்திரிதான் பில்ட் டூல். மேக், மேவன், கிரேடில் எல்லாம் இந்த வகை. உங்கள் போனில் இருக்கும் ஆண்ட்ராய்டு ஆப்களில் பெரும்பாலானவை கிரேடில் வழியாகத்தான் கட்டப்பட்டிருக்கும்.

ஆலை நடுவில் நின்றால் மேஸ்திரி என்ன சொல்லணும்? “அரவை நின்னுபோச்சு” என்று மட்டும் சொன்னால் யாருக்கும் பயனில்லை. “ரெண்டாவது ரோலர் பெல்ட் அறுந்திருக்கு, மாத்தினா ஓடும்” என்று சொன்னால் வேலை நடக்கும். நல்ல பிழைச் செய்திக்கு இலக்கணமும் இதுதான்: என்ன நடந்தது, எங்கே நடந்தது, அடுத்து என்ன செய்யணும். மூன்றும் இருக்கணும்.

ஒரு டேப், ஐம்பது வருஷம்

பில்ட் டூல்களின் கதை 1976-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் தொடங்குகிறது. அங்கே வேலை பார்த்த ஸ்டீவ் ஜான்சன் ஒரு புரோகிராமில் பிழையைத் தேடி ஒரு காலைப் பொழுதையே வீணாக்கினார். கடைசியில் பார்த்தால் பிழை ஏற்கெனவே சரிசெய்யப்பட்டிருந்தது. திருத்திய கோடை மறுபடி கம்பைல் செய்யத்தான் மறந்திருந்தார்கள். இந்தப் புலம்பலைக் கேட்ட சக ஊழியர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன், எது மாறியிருக்கிறதோ அதை மட்டும் தானாகவே மறுபடி கட்டித்தரும் ஒரு டூலை எழுதினார். அதுதான் மேக். இதற்காக அவருக்கு 2003-ஆம் ஆண்டின் ஏசிஎம் மென்பொருள் விருது கிடைத்தது.

அதே மேக்கில் ஒரு வம்பும் உண்டு. அதற்கான கோப்பில் கட்டளை வரிகள் டேப் எழுத்தோடுதான் தொடங்கணும். எட்டு ஸ்பேஸ் வைத்தால் ஏற்காது. திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். கண்ணால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. இது தொல்லை என்று ஃபெல்ட்மனுக்கும் சீக்கிரமே தெரிந்தது. ஆனால் அதற்குள் பத்து, பன்னிரண்டு பேர் மேக்கைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்குச் சிரமம் வேண்டாமே என்று அப்படியே விட்டுவிட்டார். அந்தப் பன்னிரண்டு பேரின் வசதிக்காக விட்ட ஒரு விதியில், அதற்குப் பிறகு வந்த தலைமுறைகள் எல்லாம் தடுக்கி விழுந்தன.

விழுந்தவர்களுக்கு மேக் சொன்ன பதில் என்ன? ‘மிஸ்ஸிங் செபரேட்டர். ஸ்டாப்.’ பிரிப்பான் காணோம், நிறுத்து. எந்தப் பிரிப்பான், எங்கே போடணும் என்ற விவரம் கிடையாது. பிறகு குனு மேக்கில் இதே செய்தியோடு ஒரு கேள்வியைச் சேர்த்தார்கள்: ‘எட்டு ஸ்பேஸுக்குப் பதிலாக டேப் போட நினைத்தீர்களா?’ விதி மாறவே இல்லை. சில சொற்கள்தான் கூடின. மணிக்கணக்கில் தேடவேண்டிய பிழை ஒரு நிமிஷ வேலையாகச் சுருங்கிவிட்டது. 2010-இல் வந்த குனு மேக் 3.82 பதிப்பில், டேப்புக்குப் பதில் வேறு எழுத்தை வைத்துக்கொள்ளவும் வழி செய்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது: செய்தியைத் தெளிவாக்குவது ஒரு வேலை, பிழையின் வேரைச் சரிசெய்வது இன்னொரு வேலை. இரண்டும் வேண்டும். முதல் வேலை முடிந்துவிட்டது என்பதற்காக இரண்டாவதைத் தள்ளிப்போடக் கூடாது.

‘படிக்காம விட்டா யார் தப்பு?’

“பசங்க எரர் மெசேஜைப் படிக்கிறதே இல்ல” என்பது பல ஆசிரியர்களும் டீம் லீடுகளும் சொல்கிற குறை. இதை 2017-இல் ஓர் ஆய்வுக்குழு சோதித்துப் பார்த்தது. 56 பேரின் கண் அசைவைக் கருவியால் பதிவுசெய்து, பிழைச் செய்தியை அவர்கள் பார்க்கிறார்களா என்று கணக்கிட்டார்கள். பார்க்கத்தான் செய்கிறார்கள். கண் நிலைத்த இடங்களில் 13 முதல் 25 சதவீதம் பிழைச் செய்திகள் மேல்தான். ஆனால் அதைப் படிப்பது, கோடைப் படிப்பதற்கு ஈடான சிரமமாக இருக்கிறது என்பதுதான் கிடைத்த முடிவு. படிக்காமல் போவதை விட, படித்தும் புரியாமல் போவதுதான் அங்கே பிரச்சினை.

இது மாற்ற முடியாததும் அல்ல. பைத்தானில் ஓர் அடைப்புக்குறியை மூடாமல் விட்டால், முன்பெல்லாம் ‘இன்வேலிட் சிண்டாக்ஸ்’ என்று மட்டும் வரும். அதுவும் பிழை இருக்கும் வரியை விட்டுவிட்டு, பல நேரம் அடுத்த வரியைக் காட்டும். 2021 அக்டோபரில் வந்த பைத்தான் 3.10 இதை மாற்றியது. ‘இந்த அடைப்புக்குறி மூடப்படவே இல்லை’ என்று, திறந்த இடத்தையே சுட்டிக்காட்டுகிறது. எல்ம் என்ற மொழி 2015-இலேயே பிழைச் செய்திகளை மனிதர் பேசுவது போல மாற்றி எழுதியது. அதைப் பார்த்து 2016-இல் ரஸ்ட் மொழியும் தன் செய்திகளைத் திருத்தியது. யாராவது உட்கார்ந்து செய்தால் நடக்கிற வேலைதான் இது.

சிக்னல் போனால் டூல் என்ன சொல்கிறது?

கூகுள் நிறுவனத்துக்குள் ஒன்பது மாதத்தில் நடந்த 2 கோடியே 66 லட்சம் பில்டுகளை ஆராய்ந்து 2014-இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வந்தது. அதில் அதிகமாகத் தெரிந்த பிழை வகை எது? ஒரு கோடு சார்ந்திருக்கும் வேறு லைப்ரரியோ கோப்போ கிடைக்காமல் போவதுதான். கூகுளின் இன்ஜினீயர்களுக்கே இந்த நிலை என்றால், கல்வராயன்மலை அடிவாரத்தில் இருப்பவரை யோசித்துப் பாருங்கள்.

கிரேடிலை முதல் தடவை ஓட்டினால், அது தன்னையே நூறு எம்பிக்கு மேல் இறக்கிக்கொள்ளும். பிறகு லைப்ரரிகள் வரிசையாக வரும். வெள்ளிமலைப் பக்கம் சிக்னல் சீராக இல்லாத ஒரு கிராமத்தில் இது நடக்கிறது என்று வையுங்கள். நடுவில் நெட் போய்விட்டது. அப்போது வரும் செய்தி எப்படி இருக்கும்? ‘இந்த கான்ஃபிகரேஷனுக்கான கோப்புகளைத் தீர்க்க முடியவில்லை’ என்று தொடங்கும். அதற்குள் ஒன்று, அதற்குள் இன்னொன்று என்று செய்திகள் அடுக்கடுக்காக உள்ளே போகும். கடைசி வரியில்தான் ‘இந்தப் பெயரில் சர்வர் இல்லை’ என்ற உண்மையான காரணம் இருக்கும். அனுபவம் உள்ளவர் நேராகக் கடைசி வரிக்குப் போவார். புதியவர் முதல் வரியைப் படித்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த கான்ஃபிகரேஷனை மாற்றத் தொடங்குவார். நெட் திரும்ப வந்த பிறகும் பில்ட் ஓடாது. இப்போது அவரே கெடுத்தது வேறு இருக்கும்.

இன்னொன்று இதைவிட மோசம். கிரேடில் ஜிப் கோப்பு பாதி இறங்கி அறுந்துபோனால், அடுத்த தடவை ‘ஜிப் எக்ஸெப்ஷன்’ என்று ஒரு செய்தி வரலாம். டவுன்லோடு அறுந்தது பற்றி அதில் ஒரு வார்த்தை இருக்காது. பாதியில் நின்ற அந்தக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி இறக்கினால் போதும். அதைச் சொல்வதற்குத்தான் அங்கே ஆள் இல்லை.

கிரேடிலைக் குறை சொல்ல மட்டும் இது இல்லை. ‘என்ன தவறியது’, ‘இதை முயலுங்கள்’ என்று தலைப்புப் பிரித்துச் செய்தி தரும் டூல்களில் அதுவும் ஒன்று. ஆஃப்லைன் முறையில் ஓட்டும்போது ஒரு லைப்ரரி கையில் இல்லையென்றால், ‘ஆஃப்லைன் முறைக்கு, சேமித்துவைத்த பதிப்பு இல்லை’ என்று பளிச்சென்று சொல்லிவிடுகிறது. நன்றாகச் சொல்ல முடியும் என்று அதற்கே தெரியும். எல்லா இடத்திலும் சொல்ல வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

மேவனிலும் ஓர் உதாரணம் உண்டு. 2021-இல் வந்த 3.8.1 பதிப்பு, பாதுகாப்பில்லாத எச்டிடிபி முகவரியிலிருந்து லைப்ரரிகள் இறக்குவதைத் தடுத்தது. மிக நல்ல முடிவு. ஆனால் தடுக்கும்போது திரையில் வந்தது, ‘0.0.0.0’ என்ற முகவரியோடு ஒரு ‘பிளாக்கர்’ பற்றிய செய்தி. அப்படி ஒரு முகவரியை எங்கேயும் எழுதாதவர்கள், தங்கள் நெட்வொர்க்கில்தான் ஏதோ கோளாறு என்று தேட வேண்டியதாயிற்று. பாதுகாப்புக்காகப் பூட்டு போட்டார்கள். ஏன் பூட்டினோம் என்று கதவில் எழுதத்தான் விட்டுப்போனது.

உங்க பேரே பிழையா?

இப்போது நமக்கு நேராகவே வரும் விஷயத்துக்கு வருவோம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் ‘என் செயலி’ என்று தமிழில் ஒரு ஃபோல்டர் திறந்து, அதில் ஆண்ட்ராய்டு ஆப் ஒன்றைக் கட்டிப்பாருங்கள். பில்ட் டூல் தடுக்கும். ‘உங்கள் புராஜெக்ட் பாதையில் ஆஸ்கி அல்லாத எழுத்துகள் இருக்கின்றன. விண்டோஸில் பில்ட் தோல்வி அடைய வாய்ப்பு அதிகம். வேறு ஃபோல்டருக்கு மாற்றுங்கள்’ என்பது அந்தச் செய்தியின் சாரம். கூடவே, இந்தப் பிழைக்கான புகார் எண் 95744 என்ற தகவலும், எச்சரிக்கையை அணைக்கும் வழியும் வரும்.

ஆஸ்கி என்பது 1963-இல் வெளியான எழுத்துக் குறியீட்டு முறை. மொத்தம் 128 இடம். ஆங்கிலத்துக்குப் போதும். தமிழுக்கு அதில் இடமே இல்லை. ஆனால் 1991-இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருக்கிறது. அப்புறம் என்ன தடை? பழைய டூல்கள் பலவும் கணினியின் உள்ளூர் குறியீட்டையே நம்பி எழுதப்பட்டவை. சங்கிலியில் ஒரு கண்ணி தமிழைப் புரிந்துகொள்ளாவிட்டாலும் மொத்தமும் அறுந்துவிடும். ஜாவா மொழியே கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் யுடிஎஃப்-8 முறையை எல்லாக் கணினியிலும் இயல்பாக வைத்துக்கொண்டது 2022 மார்ச்சில் வந்த 18-ஆம் பதிப்பில்தான்.

மேலே சொன்ன மூன்று இலக்கணமும் இந்த எச்சரிக்கையில் இருக்கிறது. என்ன, எங்கே, அடுத்து என்ன என்று எல்லாமே சொல்கிறது. செய்தியாகப் பார்த்தால் நூற்றுக்கு நூறு. ஆனால் அது சொல்லும் தீர்வு என்ன? உங்கள் மொழியை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் பெயர் வையுங்கள் என்பது. விண்டோஸில் தன் பெயரைத் தமிழில் பதிவுசெய்த ஒருவருக்கு, அவர் பெயரே பில்டை உடைக்கும் பொருளாகிவிடுகிறது. தமிழுக்கு மட்டுமில்லை, சீனம், ஜப்பான், அரபு மொழிக்காரர்களுக்கும் இதே கதிதான். தெளிவான செய்தி, வேரில் இருக்கும் பிழையைத் திருத்தியதற்கு ஈடாகாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

‘அதான் ஏஐ இருக்கே?’

நியாயமான கேள்வி. பிழைச் செய்தியை அப்படியே சாட்பாட்டில் ஒட்டினால் விளக்கம் கிடைக்கிறது. பலருக்கு இன்று அதுதான் பக்கத்து சீட் சீனியர். ஆனால் அந்த சாட்பாட்டும் படிப்பது அதே செய்தியைத்தான். ‘ஜிப் எக்ஸெப்ஷன்’ என்று மட்டும் ஒட்டினால், அதுவும் ஊகம்தான் செய்ய வேண்டும். நெட் போனதால் வந்த பிழைக்கு விளக்கம் கேட்கவும் நெட் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், சாட்பாட் உங்கள் ஒருவரின் சிக்கலைத் தீர்க்கிறது. டூலைத் திருத்தினால், நாளைக்கு அதே இடத்தில் விழப்போகும் எல்லோருக்கும் சேர்த்துத் தீர்கிறது.

தமிழிலேயே பிழைச் செய்தி வந்தால் போதாதா என்றும் சிலர் கேட்கலாம். முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ நிரல்மொழி, ‘பதிப்பி’, ‘ஆனால்’, ‘முடி’ என்று தமிழ்ச் சொற்களிலேயே கோடு எழுத முடியும் என்று காட்டியிருக்கிறது. அதைப் பற்றிய ஆய்வுக்கட்டுரை 2009-இலேயே வந்துவிட்டது. குனு மேக், ஜிசிசி போன்ற டூல்களின் செய்திகளை மொழிபெயர்க்கவும் வசதி உண்டு. கட்டாயம் செய்ய வேண்டிய வேலை. ஆனால் குழப்பமான ஆங்கிலத்தை மொழிபெயர்த்தால் குழப்பமான தமிழ்தான் கிடைக்கும். முதலில் செய்தி தெளிவாகணும். கூடவே ரஸ்ட் செய்வது போல ஒவ்வொரு பிழைக்கும் ஒரு எண் இருக்கணும். அப்போதுதான் தமிழில் படித்தாலும் அந்த எண்ணை வைத்து உலகம் முழுக்கத் தீர்வு தேட முடியும்.

யார் என்ன செய்யணும்?

இந்த டூல்கள் பெரும்பாலும் ஓப்பன் சோர்ஸ். யார் வேண்டுமானாலும் பிழையைப் புகார் செய்யலாம், திருத்தமும் அனுப்பலாம். இதில் ஒரு முரண் இருக்கிறது. ஒரு செய்தி குழப்பமானது என்று டூலை எழுதியவருக்குத் தெரியாது. அவருக்குத்தான் எல்லாம் ஏற்கெனவே புரியுமே! பத்து வருஷ அனுபவசாலிக்கும் தெரியாது. அவர் கண் தானாகக் கடைசி வரிக்குப் போய்விடும். முதல் தடவை விழுகிறவருக்குத்தான் அது நன்றாகத் தெரியும். ஆக, புகார் எழுத அதிகத் தகுதி உள்ளவர், “நமக்கு ஒண்ணும் தெரியாதே” என்று தயங்கும் அந்தப் புதியவர்தான்.

புகார் எழுதுவது கஷ்டமில்லை. எந்த டூல், எந்தப் பதிப்பு, எந்த ஓஎஸ் என்று எழுதுங்கள். பிழை வரும் அளவுக்கு மட்டும் சின்னதாக ஒரு புராஜெக்ட் இணையுங்கள். என்ன செய்தி வந்தது, நீங்கள் என்ன புரிந்துகொண்டீர்கள், உண்மையான காரணம் என்னவாக இருந்தது, செய்தி எப்படி இருந்திருந்தால் புரிந்திருக்கும்: இந்த நான்கையும் எழுதுங்கள். ஏற்கெனவே யாராவது புகார் செய்திருக்கிறார்களா என்று முதலில் தேடிவிடுங்கள். ஆங்கிலம் எளிமையாக இருந்தால் போதும்.

தனியாகச் செய்யத் தயக்கமா? கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமாகும் வரை விழுப்புரத்தோடுதான் இருந்தது. அந்த விழுப்புரத்தில், கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்றுத்தரும் குனு லினக்ஸ் பயனர் குழு ஒன்று இயங்கிவருகிறது. கணியம் அறக்கட்டளை லினக்ஸ், பைத்தான் பற்றியெல்லாம் எளிய தமிழில் மின்னூல்களை இலவசமாகவே தருகிறது. கேள்வி கேட்க ஆள் கிடைக்கும் இடங்கள் இவை.

கல்லூரிகளுக்கு ஒரு வார்த்தை. ரெக்கார்டு நோட்டில் சரியாக ஓடிய புரோகிராமை மட்டும் ஒட்டச் சொல்கிறோம். ஓடாமல் போனதையும், ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடித்ததையும் எழுதச் சொன்னால் என்ன? இறுதியாண்டு புராஜெக்ட்டாக ஒரு பில்ட் டூலின் மூன்று பிழைச் செய்திகளைத் திருத்தி, ஏற்கச் செய்து காட்டினால், அது எங்கிருந்தோ விலைக்கு வாங்கிய புராஜெக்ட்டைவிட எவ்வளவோ மேல். 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் திறன் பயிற்சிகளிலும் இதற்கு ஓர் இடம் கொடுக்கலாம். வேலைக்கு ஆள் எடுப்பவரிடம் காட்டவும் அது கண்ணுக்குத் தெரியும் சான்று.

நிறுவனங்களுக்கும் ஒன்று. தினமும் இலவசமாகப் பயன்படுத்தும் டூல்களைப் பராமரிப்பவர்களில் பலர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். புதுசாக வேலைக்கு வருகிறவர் முதல் மாதம் எந்தெந்தப் பிழையில் சிக்கினார் என்று குறித்துவைக்கச் சொல்லுங்கள். அவற்றைத் திருத்தி அனுப்ப அலுவலக நேரத்திலேயே சில மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த நேரம் வீண் இல்லை. அடுத்த பேட்ச்சில் சேருகிறவர்கள் அதே பிழையில் மாட்ட மாட்டார்கள்.

இன்றைக்கே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. நீங்கள் வேலை செய்யும் புராஜெக்ட்டின் நகல் ஒன்றை எடுத்து, தமிழில் பெயர் வைத்த ஒரு ஃபோல்டருக்குள் போட்டு பில்ட் செய்யுங்கள். ஓடினால் சந்தோஷம். உடைந்தால், ஃபோல்டர் பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றும் முன்னால், ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கிப் புகார் எழுதிவிடுங்கள்.